நாற்பத்தெட்டு நாள் பொடி

நாட்டு மருந்துக் கடையில் உட்கார்ந்தால் ஊரில் இருக்கிற அத்தனை பேர் வயிற்றுக் கோளாறும் முதலில் நம் காதுக்குத்தான் வரும். பக்கத்துத் துணிக்கடைக்காரி காலையில் ஊதுபத்தி ஏற்றிவிட்டு நிம்மதியாக உட்காருவாள். நமக்கு முதல் போணியே மூலமாக இருக்கும். கடை மேஜைக்குப் பின்னால் நின்று பாடுபட்டவர்கள் உங்களில் நாலு பேராவது இருப்பீர்கள், உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

எங்கள் கடை கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் இருக்கிறது. மாமனார் வைத்தது. வீட்டுக்காரர் சரக்கெடுக்கச் சேலம் போகிற நாளெல்லாம் கடை என் பொறுப்பு. பின்கட்டில் அஞ்சலை என்பவள் உரலில் இடிப்பாள், சலிப்பாள், நடுநடுவே என் உயிரை எடுப்பாள். இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்த வருஷம், ஒரு பொடியை விற்றுவிட்டு அதைத் திரும்பப் பிடுங்க நான் மலை ஏறினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் இருந்தால் அதைவிட வெட்கம்.

சிங்கப்பூர் டின்

என் நாத்தனார் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் வேலை. லீவில் வந்தவர் சோப்பு, தைலம், டார்ச் லைட்டோடு ஒரு பெரிய டின்னையும் கொண்டுவந்தார். உள்ளே வெளிறின பச்சையில் ஒரு பொடி. கிங்கோ என்று ஒரு மரமாம். சீனாக்காரர்கள் அதன் இலையைக் காயவைத்து இடித்துச் சாப்பிடுவார்களாம், மறதிக்கு அப்படிக் கேட்குமாம். "உங்க வல்லாரையெல்லாம் இது கிட்ட நிக்க முடியாது" என்றார். என் வீட்டுக்காரர் மோந்து பார்த்தார், டின்னை மேல் தட்டில் தூக்கி வைத்தார், "தெரியாத சரக்கு, கை வைக்காதே" என்றார். அவர் சேலத்துக்குப் பஸ் ஏறினதும் நான் ஸ்டூல் மேல் ஏறினேன்.

வந்தவர்களிடம் என்ன சொல்லி விற்றேன் என்கிறீர்களா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வல்லாரைக்கு என்ன சொல்கிறேனோ அதையேதான். மூன்று விரலில் அள்ளுகிற அளவு, தேனில் குழைத்து, காலையில் வெறும் வயிற்றில். அகத்திக்கீரை, பாகற்காய் தொடக் கூடாது, மருந்து முறிந்துபோகும். நாற்பத்தெட்டு நாள் விடாமல் சாப்பிட வேண்டும். நடுவில் ஒரு நாள் விட்டாலும் மறுபடி முதலிலிருந்து. உடம்பிலிருந்து எது வெளியே வந்தாலும் பயப்படக் கூடாது, கெட்டது போகிறது என்று அர்த்தம். மடமடவென்று சொல்வேன், மூச்சுகூட விட மாட்டேன். ஆறு பேர் வாங்கினார்கள். ஆறாவது ஆள் படி இறங்கினதும் அஞ்சலை சல்லடையை நிறுத்தினாள்.

"யக்கா, இந்த எலைக்குப் பேரே இன்னிக்குத்தான் நமக்குத் தெரியுது, நாப்பத்தெட்டு நாளுன்னு மட்டும் உங்களுக்கு யாருக்கா சொன்னது?"

வெள்ளிமலை ஜோடி

அந்த ஆறு பேரில் ஒருவர் சடையன். வெள்ளிமலைப் பக்கம் சாமை போடுகிறவர், ஐம்பதைத் தாண்டினவர். மனைவி குப்பாயிதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். மனிதர் காலையில் சொந்தக் கொல்லைக்குக் கிளம்பி யாரோ ஒருவர் கொல்லையில் போய்க் களை எடுத்திருக்கிறாராம். அவர்கள் மலையில் எல்லாரையும் நீ, வா, போ என்றுதான் பேசுவார்கள், மரியாதைக் குறைச்சலாக நினைக்கக் கூடாது. நான் என் பாட்டைப் பாடி முடித்ததும் குப்பாயி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள்.

"நெஞ்சுக்குன்னு பாண்டிச்சேரியில குடுத்தாங்க. ரத்தம் கட்டாம இருக்கறதுக்காம். ரெண்டும் சேரலாமா? பாத்துச் சொல்லு" என்றாள். நான் அட்டையைக் கையில்கூட வாங்கவில்லை. மதியம் பன்னிரண்டு மணி, பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், எனக்குப் பசி. "இங்கிலீஷ் மருந்து அது பாட்டுக்கு, நாட்டு மருந்து இது பாட்டுக்கு. எலைதான, இன்னா பண்ணிடும்?" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. குப்பாயி என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு மெதுவாக முடிச்சுப் போட்டுக்கொண்டாள். சடையன் பொட்டலத்தை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

"மறதியெல்லாம் மத்ததுக்குத்தான், நாளு எண்ணறதுல நான் தப்ப மாட்டேன், நீ சொன்னா சொன்னதுதான்."

வாத்தியார் பல்

இன்னொருவர் ரிட்டயரான கணக்கு வாத்தியார். ஐந்து வாரம் தாண்டியிருக்கும். ஒரு நாள் சாயந்திரம் வாயில் துண்டை அமுக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். காலையில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருக்கிறார், ரத்தம் நிற்கவில்லை, படிகாரம் வேண்டும் என்று சைகை காட்டினார். துண்டு பாதி சிவப்பு. படிகாரத்தைப் பொடித்துக் கொடுத்தேன், கொப்பளித்தார். கிராம்பை நசுக்கி வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கடை வாசல்படியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

எதிர்த்தாற்போல் ராஜாமணி என்பவர் இங்கிலீஷ் மருந்துக் கடை வைத்திருந்தார். என் அப்பா வயசு. எனக்கும் அவருக்கும் பத்து வருஷமாக ஆகாது. வேறு வழியில்லாமல் வாத்தியாரை அங்கே இழுத்துக்கொண்டு ஓடினேன். அவர் பஞ்சைச் சுருட்டி வைத்து அழுத்தியபடியே, "புதுசா எதாச்சும் மருந்து சாப்புடறீங்களா வாத்தியாரே?" என்று கேட்டார். வாத்தியார் வாயைத் திறக்க முடியாமல் கையை நீட்டி என்னைக் காட்டினார். அப்புறம் டாக்டரிடம் போய்த் தையல் போட்டுத்தான் நின்றது. மறுநாள் வீங்கின கன்னத்தோடு மீதிப் பொடியைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார்.

"உன் பொடியத் தின்னு எனக்கு ஞாபகம் வந்தது ஒண்ணே ஒண்ணுதாம்மா, பல்லு புடுங்கற ஆளு உன் கடைப் பக்கமே வரக் கூடாது."

டின்னுக்கு அடியில்

வாத்தியார் போனதும் டின்னைக் கவிழ்த்தேன். பொடியோடு நாலாய் மடித்த காகிதம் ஒன்று விழுந்தது. ஒரு பக்கம் சீன எழுத்து, மறுபக்கம் இங்கிலீஷ். இத்தனை நாளும் அடியில் கிடந்திருக்கிறது. ராஜாமணியிடம் எடுத்துப் போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகச் சொன்னார். ரத்தத்தை இளக்கும். ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களும் பல் பிடுங்குகிறவர்களும் சாப்பிடக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிட்டேயே போகக் கூடாது. எனக்குக் குப்பாயியின் முந்தானை முடிச்சு கண்ணில் வந்து நின்றது. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

மற்ற நாலு பேரும் உள்ளூர்க்காரர்கள். அன்றைக்கு மத்தியானத்துக்குள் வீடு வீடாகப் போய்ப் பொட்டலத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். சடையனுக்கு எப்படிச் சொல்வது? அன்று காலையிலிருந்துதான் மறியல். எந்தப் பக்கமும் பஸ் இல்லை, ரோட்டுக்குக் குறுக்கே மரம் வெட்டிப் போட்டுவிட்டார்கள், எங்கேயோ துப்பாக்கிச் சூடு என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்காரர் சேலத்தில் மாட்டிக்கொண்டார். சொல்லி அனுப்பலாம் என்றால் போகிற ஆளே இல்லை. ஒரு மனிதன் என் பேச்சைக் கேட்டு விடியக்காலையில் தேனில் குழைத்துக்கொண்டிருக்கிறான், தடுக்க எனக்கு வழி இல்லை. ராஜாமணி காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். மறுநாள் விடிந்ததும் தன் மொபெட்டைத் துடைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றதும் அவர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் காகிதத்தைக் கொடுக்கும்போது அவர் சொன்னது இது.

"நான் எலி மருந்து வித்தாக்கூட லேபிள் ஒட்டித்தான்மா விக்கணும், உனக்கு அந்த ரூல்கூட இல்ல."

புளியமரம்

மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம் போவதற்குள் எத்தனை மரம் தாண்டினோம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு மரத்துக்கும் இறங்கி, வண்டியை ஆளுக்கொரு பக்கம் தூக்கி, கிளைக்குள் நுழைத்து அந்தப் பக்கம் போட வேண்டும். என் புடவை நாலு இடத்தில் கிழிந்தது. எப்போதும் ஹாரன் அலறுகிற ரோட்டில் காக்காய் கத்துவது மட்டும் கேட்டது. ஒரு இடத்தில் போலீஸ் லாரி வருவதைப் பார்த்துவிட்டு ரெண்டு பேரும் கரும்புக்குள் புகுந்து உட்கார்ந்தோம். ராஜாமணிக்கு மூச்சு இரைத்தது. "திரும்பிடலாமாங்க?" என்று நானே கேட்டேன். "பேசாம வா" என்றார்.

கடைசியில் பெரிய புளியமரம் ஒன்று. முப்பது பேர் அதன் மேலும் கீழும் உட்கார்ந்திருந்தார்கள், கையில் அரிவாள், பக்கத்தில் கருங்கல் குவியல். ஒரு கல் எங்கள் சக்கரத்துக்கு முன்னால் வந்து விழுந்தது. "வண்டியக் கீழ போடு!" நான் இறங்கி முன்னால் போனேன். கூட்டத்திலிருந்து ஏழுமலை எழுந்தான். அப்பாவின் இரைப்புக்கு ஆடாதொடை வாங்க மாசா மாசம் என் கடைக்கு வருகிறவன். "யக்கா, நீங்களா? இன்னா இந்தப் பக்கம்?" என்றான். "மலைக்குப் போவணும் ஏழுமல. ஒரு ஆளு உசுரு" என்றேன். "மருந்து எடுத்துக்கினு போறீங்களா?" "இல்லப்பா. குடுத்த மருந்தப் புடுங்கப் போறேன்."

ரெண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தன், "ஊரே பூட்டிக் கெடக்கு, இவங்களுக்கு மட்டும் இன்னா வழி? பொய் சொல்றாங்க" என்றான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். "பொய் சொல்ல எனக்கு வேற எடம் கெடைக்கலியா? தப்பான மருந்தக் குடுத்துட்டு நெஞ்சு பதற வந்துக்கினு இருக்கேன். நீ கல்ல எடுத்து எம்மேல போடு, ஆனா மலையில கெடக்கற அந்த ஆள மட்டும் பொழைக்க வுடுங்கடா!" என்று கத்தினேன். கத்தி முடிக்கும்போது அழுதுவிட்டேன். ஏழுமலை அந்த ஆளின் கையிலிருந்த கல்லை வாங்கிக் கீழே போட்டான்.

"படிப்புலயும் வேலைலயும் எங்க பங்கத்தான்க்கா கேக்கறோம், எவன் உசுரயும் கேக்கல. டேய், தூக்குங்கடா வண்டிய!"

நாற்பத்தோராம் நாள்

மலையடிவாரத்தில் சாமை மூட்டையோடு ஒரு ஜீப் நின்றிருந்தது. கீழே போக முடியாமல் திரும்பப் போகிற வண்டி. டிரைவருக்குச் சடையனைத் தெரியும். "அந்த ஆளு வெளிய வந்து மூணு நாளாச்சே" என்று அவன் சொன்னதிலிருந்து வெள்ளிமலை போய்ச் சேரும்வரை எந்த வளைவிலும் என் கண் ரோட்டைப் பார்க்கவில்லை. சடையன் வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் மஞ்சள் பூத்திருந்தது. கெண்டைக்காலில் கத்தரிக்காய் நிறத்தில் பெரிய திட்டு. சிரித்தபோது ஈறெல்லாம் ரத்தம். வெளிக்குப் போனால் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்றாள் குப்பாயி. ராஜாமணி என்னைத் தனியாக இழுத்தார். "உள்ள எங்கியோ ஒழுகுது. இன்னிக்கே ஆஸ்பத்திரி போயாவணும்."

நான் சடையன் எதிரில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். "தப்பு என்னோடது. தெரியாத மருந்தத் தெரிஞ்ச மாதிரி குடுத்துட்டேன். நிறுத்திடுங்க, கிளம்புங்க." அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். நான் அன்றைக்குச் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக எனக்கே திருப்பிச் சொன்னார். மூன்று விரல், தேன், வெறும் வயிறு, எது வெளியே வந்தாலும் கெட்டது போகிறது, விட்டால் முதலிலிருந்து. ஊரையே மறக்கிறவர் என் பேச்சில் ஒரு சொல்லை மறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அவர்கள் பொடியை நிறுத்திவிடுவார்கள், அதனால் அங்கேயும் வர மாட்டாராம். சுவரில் கரியால் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தார். விரலை வைத்து எண்ணிக் காட்டினார்.

"நாப்பத்தொண்ணு ஆச்சு, ஏழுதான் பாக்கி, கெட்ட ரத்தமெல்லாம் இப்பத்தான் போவுது, இப்ப வந்து நிறுத்துன்ற, உன்னை யாரு கலைச்சி வுட்டது?"

முதல் கவளம்

நான் கெஞ்சினேன். ராஜாமணி மிரட்டினார். ஜீப் டிரைவர், "தூக்கிப் போட்டுக்கினு போயிடலாமா?" என்று முன்னால் வந்தான், சடையன் மூலையில் இருந்த, களை கொத்துகிற கொத்துக்கோலைக் கையில் எடுத்துவிட்டார். இழுபறியில் ஒரு காயம் பட்டால்கூட ரத்தம் நிற்காது என்று ராஜாமணி அலறினார். எல்லாரும் அப்படியே நின்றோம். சடையன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெயில் சாய ஆரம்பித்தது, இருட்டினால் ஜீப் இறங்காது என்றான் டிரைவர். குப்பாயி எழுந்து பின்பக்கம் ஆட்டுப் பட்டிக்குப் போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அடுப்பு புகைந்தது.

"சாப்புட்டு அப்பறம் பேசு" என்று தட்டில் களியோடு வந்தாள். முதல் கவளத்தை அவளே உருட்டி அவர் வாயில் வைத்தாள். விழுங்கினார். முகம் கோணியது. "இன்னாடி கசக்குது?" என்றார். "அகத்தி" என்றாள் குப்பாயி. "ஆட்டுக்கு வச்சிருந்தது." தட்டு சுவரில் போய் மோதியது. கை ஓங்கினவர் அப்படியே நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "முறிஞ்சிபோச்சா?" என்றார். அந்தச் சீனத்து இலையை அகத்தி என்ன செய்யும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் கண்ணைச் சிமிட்டாமல், "முறிஞ்சிபோச்சு. இனிமே தின்னாலும் வேலை செய்யாது" என்றேன். குப்பாயி மீதிப் பொடியை அடுப்பில் கொட்டினாள். சடையன் குழந்தை மாதிரி விசும்பினார். ஜீப்பில் ஏறும்போது எங்கள் யாரையும் பார்க்கவில்லை, டிரைவரிடம் மட்டும் சொன்னார்.

"நாப்பத்தோரு நாளு, ஒரு வாய்ல போச்சேடா."

கயிற்றுக் கட்டில்

அடிவாரத்துக்குக் கீழே ஜீப் போகாது. கச்சிராயபாளையத்தில் ஒரு வீட்டுக் கட்டிலைக் கேட்டு வாங்கி அதில் அவரைப் படுக்க வைத்தோம். ஏழுமலையும் இன்னும் ஏழு பேரும் மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார்கள். அவர்களே வெட்டிப் போட்ட மரங்களுக்கு மேலே அவர்களே கட்டிலைத் தூக்கிக் கைமாற்றினார்கள். காலையில் என்னைப் பொய்க்காரி என்றவன் முன்கால் பக்கம் இருந்தான், ஒவ்வொரு மரத்திலும் "மெதுவாடா, மெதுவா" என்று அவன்தான் சொல்லிக்கொண்டு வந்தான். குப்பாயி கட்டிலின் ஓரத்தைப் பிடித்தபடி கூடவே ஓடினாள்.

கள்ளக்குறிச்சியில் ரத்தம் ஏற்றினார்கள். டாக்டர் என்னை எல்லார் எதிரிலும் நிற்க வைத்துத் திட்டினார், வாங்கிக்கொண்டேன். மூன்றாவது நாள் சடையன் கஞ்சி கேட்டார் என்று ராஜாமணி வந்து சொன்னபோதுதான் எனக்குச் சோறு இறங்கியது. மறியல் முடிந்து சேலத்திலிருந்து வந்த வீட்டுக்காரர் முழுக் கதையையும் கேட்டார். காலி டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ஸ்டூல எடுத்து உள்ள வச்சிட்டேன், இனிமே எதுனா வேணும்னா என்னக் கேளு."

குப்பாயி வந்த நாள்

ஆறு மாசம் போயிருக்கும். கடையில் நல்ல கூட்டம். நிமிர்ந்தால் குப்பாயி நிற்கிறாள். எனக்குக் கையிலிருந்த கரண்டி நழுவியது. "அவரு எப்படி இருக்காரு?" என்றேன். "இருக்காரு. மறதி அப்டியேதான் இருக்குது. நேத்துகூட என்னைப் பாத்து யாரு நீன்னாரு" என்றாள். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. சுக்கு, மிளகு, திப்பிலி கேட்டாள். நிறுத்துக் கட்டினேன். கட்டும்போதே, பழக்கதோஷம், வாய் தன்னால் திறந்துகொண்டது. "சுக்கத் தோலு சீவிட்டு, மூணையும் இளவறுப்பா வறுத்து, காலையில..."

குப்பாயி கையை உயர்த்தினாள். பின்கட்டில் அஞ்சலையின் உலக்கை நின்றது.

"நீ கட்டிக் குடு, அது போதும், எப்டி சாப்புடறதுன்னு நான் வேற யாரையாச்சும் கேட்டுக்கறேன்."

இத்தனை வருஷத்தில் நான் எடை போடாமல் சும்மா கொடுத்த சரக்கு அந்தப் பேச்சு ஒன்றுதான், அதையும் வேண்டாமென்று வைத்துவிட்டுப் போனவளும் அவள் ஒருத்திதான்.